இடக்கைப் பாய்

முகைதீன்பாவா குனிந்து பாயின் கால்மாட்டு மூலையைத் தூக்கிப் பார்க்கிறார். அந்தப் பாயில் ஒரு மனிதர் உட்கார்ந்து சோறு தின்றுகொண்டிருக்கிறார் என்பது அவருக்கு ஒரு பொருட்டே இல்லை.

"அசையாதீங்க மச்சான், ஒரு நிமிசம்."

மனிதர் கவளத்தைக் கையிலேயே வைத்துக்கொண்டு அசையாமல் இருக்கிறார். முகைதீன்பாவா மூலையைக் கீழே விடுகிறார். "இல்ல," என்று தனக்குள் சொல்லிவிட்டு தெருவில் நிற்கும் தன் வெள்ளை வானுக்குத் திரும்பி நடக்கிறார். வாவியைச் சுற்றியுள்ள ஊர்களில் இவரைப் பற்றி இரண்டு கதைகள் உண்டு. மூட்டைப்பூச்சி ஒழிக்க வந்த அரசாங்க உத்தியோகத்தர் என்பது ஒன்று. ஆள் நல்லவர், தலையில்தான் கொஞ்சம் கோளாறு என்பது மற்றது. மூட்டைப்பூச்சிக் கதையை நம்பிய ஒருவர் தன் வீட்டு மெத்தையையும் தூக்கிக்கொண்டு வந்திருக்கிறார்.

காத்தான்குடிக்காரர். வயது ஐம்பத்து நான்கு, வயிறு அதைவிடக் கொஞ்சம் மூத்தது. கிழக்கில் சண்டை முடிந்து இரண்டு வருஷத்தில் கொழும்பிலிருந்தும் வெளிநாட்டிலிருந்தும் கைவேலை பார்க்க ஆட்கள் வரத் தொடங்கியதும், தன் வெள்ளை வானைக் கழுவி மணிக்கூட்டுக் கோபுரத்தடியில் கொண்டுவந்து நிறுத்தினார். காலையில் கைத்தறி, பிறகு பன்புல்லில் இழைக்கும் பன்பாய், பின்னேரம் வாவிக்கு அக்கரையில் மட்பாண்டம். ஒரே நாளில் எல்லாம் முடியும். அக்கரையைப் படுவான்கரை என்பார்கள். அங்கே தெருவென்று இருப்பது குழிகளின் ஊர்வலம், வான் சில்லுக்கு அது கூடாது என்று மற்றச் சாரதிமார் மறுப்பார்கள். இவர் மட்டும் கேட்காமலே கூட்டிப்போவார்.

பொய் சொல்வதில் கெட்டிக்காரர். கைத்தறிக்கார ஹமீட்டின் தறி இரண்டு வருஷத்துக்கு முந்தி வாங்கியது. கொழும்பு ஆட்களிடம் அதற்கு இருநூற்றைம்பது வயது சொல்வார், வெள்ளைக்காரர் வந்தால் முன்னூற்றைம்பது. அன்றைக்கு வந்த கோஷ்டிக்குத் தலைவி பிரஷாந்தி, கொழும்பில் ஏதோ கந்தோரில் வேலை, கையில் நேர அட்டவணை. அவள் "ஒல்லாந்தர் காலம்" என்று பயபக்தியோடு குறித்துக்கொண்டபோது, ஹமீட்டால் தாங்க முடியவில்லை.

"பாவாக்காக்கா, அப்படியே எனக்கு என்ன வயசெண்டும் செல்லிப்போடுங்க."

"உனக்கென்ன, நீ தறியோட சேந்து வந்த சாமான்."

பாய் விஷயத்தில் மட்டும் அவர் வாயில் பொய் வராது. பாய் இழைக்கும் றஸீனாவின் முற்றத்தில் அவரது குரலே மாறிவிடும். தலைமாட்டில் தொடங்கி, இழைத்ததன் மேலேயே குந்தியிருந்து கீழே கீழே வருவார்கள் என்பார். கால்மாட்டில், இழைப்பவரின் வலக்கைப் பக்கத்து மூலையில், கடைசிப் பன்னைச் செருகி முடிப்பார்கள். ஊரில் எந்தப் பாயை எடுத்தாலும் வலது மூலைதான்.

"என்ட நஸீறா மட்டும் இடது மூலையில முடிப்பா. இடக்கைக்காரி."

"உலகத்தில உங்கட பொஞ்சாதிக்கு மட்டுமா இடக்கை?" என்றாள் றஸீனா. "என்ட மருமகளும் இடக்கைதான்."

"அவ எந்த மூலையில முடிக்கிற?"

"வலதுலதான். கைல அடிச்சுப் பழக்கின நான்."

"நஸீறாவ அடிச்சுப் பழக்க ஆரும் பொறக்கல்ல கா."

இதைச் சொல்லும்போது அவர் சிரிப்பார். பிறகு வெற்றிலைப் பையைத் தேடுவார். அது மடியில்தான் இருக்கும். இருந்தும் தேடுவார்.

மண்முனையில் வாவியைக் கடக்கப் பாதையில் ஏற வேண்டும். பாதை என்பது வானையும் மாட்டையும் மனிதரையும் ஒன்றாக ஏற்றிக் கரை மாற்றும் தட்டைப் படகு. சமாதானம் என்று எல்லோரும் சொன்ன அந்த இரண்டரை வருஷமும், இதே பாதையில்தான் முகைதீன்பாவா சைக்கிளோடு போய் வந்தார். நஸீறா இழைத்த பாய்களைப் பின்னால் கட்டி, படுவான்கரையில் நெல்லுக்கு மாற்றினார். முப்பதுக்கு மேல் மாற்றியிருப்பார். வீட்டில் ஒன்றைக்கூட விரிக்க விட்டதில்லை. விற்கிற பாயில் படுத்தால் பளபளப்புப் போய்விடும் என்பது அவருடைய வியாபார மூளை. இருவரும் படுத்தது சந்தையில் வாங்கிய பிளாஸ்டிக் பாயில். அதிலும் இவர் நடுவில் படுத்துக் கைகாலைப் பரப்பிவிடுவார். "ஒரு பாய்க்கு ரெண்டு பேர் எண்டு உங்களுக்கு ஆரும் சொல்லித் தரல்லயா?" என்று நஸீறா சிமெந்துத் தரையில் கிடந்தபடி கேட்பாராம்.

சுனாமியாகக் கடல் ஊருக்குள் வந்த ஞாயிற்றுக்கிழமை காலை இவர் செங்கலடிச் சந்தையில் நின்றார். கடற்கரையோரத்து வீட்டில் நஸீறாவும், சுவரில் சாத்திய நாலு புதுப் பாய்களும் இருந்தன. நஸீறாவை மறுநாள் எடுத்து அடக்கினார்கள். பாய்கள் திரும்பி வரவில்லை. அக்கரைக்குப் போன பாய்களைத் தேடலாமென்றால், மீண்டும் சண்டை. பாதை நின்றது, பாயை வாங்கிய ஊர்கள் முகாம்களுக்கு ஓடின.

"முப்பது பாய் வித்தன், மகள்," என்று பாதையில் நின்றபடி பிரஷாந்தியிடம் சொன்னார். "ஒண்டிலயும் படுக்கல்ல."

பிரஷாந்தி அட்டவணையை மடித்துப் பைக்குள் வைத்தாள்.

கொக்கட்டிச்சோலையைத் தாண்டி, வெட்டி முடிந்த வயல்வட்டைகளுக்கு நடுவே, குயவர் குடியிருப்பில் கண்ணகையின் கொட்டில். கோஷ்டி சக்கரத்தைச் சுற்றி நின்று படம் பிடித்தது. முகைதீன்பாவா கொட்டிலின் பின்பக்கம் போனார். நிழலில் விரித்த ஒரு பாயில் ஈரச்சட்டிகள் வரிசையாகக் காய்ந்தன. வழக்கம்போலக் குனிந்தார். கால்மாட்டு இடது மூலையைத் தூக்கினார்.

அதைக் கீழே விடவில்லை.

சட்டி எடுக்க வந்த கண்ணகை அவரைப் பார்த்து நின்றாள். "என்ன காக்கா, மூட்டைப்பூச்சியா?"

"இந்தப் பாய் ஏது தங்கச்சி?"

"மூத்தவள் பொறந்தநேரம் எங்கட அம்மா நெல்லுக்கு மாத்தினது. சைக்கிளில ஒராள் கொண்டந்தவராம். மூணு வருசம் தாங்குமெண்டு சத்தியம் பண்ணினாராம். அவன் சரியான புளுகன் எண்டு அம்மா சாகுமட்டும் ஏசினவ." சிரித்தாள். "இப்ப எட்டு வருசம். ஷெல்லடிக்க ஓடக்குள்ள நான் எடுத்தது புள்ளையையும் இந்தப் பாயையும்தான். முகாமில மூணு பேர் இதிலதான் கிடந்த."

"புளுகன்தான்," என்றார் முகைதீன்பாவா. "நல்லாத் தெரியும் எனக்கு."

புதுப்பாய் பத்துத் தருகிறேன், இதைத் தா என்று கேட்பதற்குத்தான் இரண்டு வருஷமாக இந்தக் குழிகளில் வானை ஓட்டியிருக்கிறார். வாயைத் திறந்தார். கண்ணகை காலால் பாயின் மடிந்த ஓரத்தை நேராக்கிக்கொண்டிருந்தாள், தன் வீட்டுப் பிள்ளையின் சட்டையை இழுத்துவிடுவதுபோல.

"தங்கச்சி, இதில ஒருக்காப் படுக்கட்டா?"

கண்ணகை அவரது முகத்தைப் பார்த்தாள். சட்டிகளை ஒவ்வொன்றாகத் தூக்கி நிலத்தில் வைத்தாள். "களி பட்டிருக்கு காக்கா," என்று மட்டும் சொன்னாள்.

முன்பக்கத்தில் பிரஷாந்தி எல்லோரையும் வானில் ஏறச் சொல்லிக்கொண்டிருந்தாள். யாரோ ஹோனை அடித்தார்கள். முகைதீன்பாவா செருப்பைக் கழற்றினார். தொப்பியை எடுத்து மடியில் செருகினார். அந்தப் பெரிய உடம்பைச் சுருக்கி, பாயின் ஒரு ஓரத்தில், விழுந்துவிடுவார் போல ஒருக்களித்துப் படுத்தார். பிறகு கையை நீட்டி, காலியாகக் கிடந்த மற்றப் பாதியில் ஒட்டியிருந்த களிமண்ணைத் தட்டிவிட்டார்.