பாதிக் கோஸ்

மனைவி போன பிறகு அந்த வீட்டில் இரண்டு ஆண்கள் மிஞ்சினார்கள். ஒருவன் திரைச்சீலை தைக்கும் கடையில் தையல்காரன். இன்னொருவர் அவனுடைய மாமனார். நடுவில் இருந்தவள் காய்ச்சல் என்று படுத்தாள், எழுந்திருக்கவில்லை. காரியமெல்லாம் முடிந்து உறவுக்காரர்கள் கிளம்பிய பிறகு, மாமனார் இனி எங்கே இருப்பார் என்று யாரும் கேட்கவில்லை. அவரும் கேட்கவில்லை. அவருடைய கட்டில் சன்னலோரத்தில் போட்டது போட்டபடியே கிடந்தது.

கொஞ்ச நாளில் கடையிலும் வேலை குறைந்தது. திரைகள் ரெடிமேடாக வந்து குவிந்துவிட்டதால் அளவெடுத்துத் தைக்கச் சொல்கிறவர்கள் அருகிப்போனார்கள். ஒருநாள் விட்டு ஒருநாள் வந்தால் போதும் என்று முதலாளி அவன் முகத்தைப் பார்க்காமல் துணி உருளையைத் தடவிக்கொண்டே சொன்னார். அவன் சரி என்றான். அந்த நாட்களில் யார் எதைச் சொன்னாலும் அவன் வாயில் அந்த ஒரு சொல்தான் வந்தது.

அதுவரை அவன் அடுப்பைப் பற்றவைத்ததெல்லாம் வெந்நீர் போடத்தான். இப்போது வாடகைக்கும் மாமனாரின் மாத்திரைக்கும் எடுத்துவைத்தது போக, கையில் நிற்பதை வைத்து ஒரு வாரத்தை ஓட்டவேண்டும். கறி, மீன் பக்கம் தலைவைத்துப் படுக்க முடியாது. சனிக்கிழமை சாயங்காலம் சந்தை கலைகிற நேரமாகப் பார்த்துப் போவான். கூடையைத் தூக்கிப்போகச் சோம்பல்படும் வியாபாரிகள் அந்த நேரத்தில் விலையை இறக்கிவிடுவார்கள். ஒரு முழுக் கோஸ், நசுங்கிய தக்காளி, முளைவிட்ட உருளைக்கிழங்கு, தோல் கருத்த வெங்காயம். பருப்பும் பயறும் மூட்டையிலிருந்து அள்ளித் தருகிற கடையில் வாங்குவான்.

குக்கரின் கேஸ்கட் போய்விட்டது. புதிது வாங்குவதைத் தள்ளிப்போட்டு, வேறு வழி பண்ணினான். ஊறவைத்த பயறு தளதளவென்று நன்றாகக் கொதித்ததும் பாத்திரத்தை மூடியோடு இறக்குவான். கடையில் வெட்டிப்போட்ட தடித்த லைனிங் துணித் துண்டுகளை அதன்மேல் நாலைந்து சுற்று சுற்றி, அட்டைப்பெட்டிக்குள் இறக்கி மூடிவிடுவான். வேலைக்குப் போய் வருவதற்குள் அது தன்பாட்டுக்கு வெந்திருக்கும். கேஸும் மிச்சம். இந்த யோசனை வந்தபோது அவனுக்குச் சந்தோஷமாக இல்லை. வந்தது, செய்தான், அவ்வளவுதான்.

கோஸின் மேல் இலைகள் முதலில் பருப்போடு வேகும். உள்ளிலை வெங்காயத்தோடு வதங்கும். தண்டைக்கூட விடமாட்டான், சீவி எண்ணெயில் புரட்டுவான். வெள்ளிக்கிழமை மிஞ்சியதையெல்லாம் ஒரே சட்டியில் போட்டுக் கிண்டினால், மாமனார் எட்டிப் பார்த்து, "கூட்டணி ஆட்சியா?" என்பார். மகள் இருந்தபோது இப்படி ஒன்று சொன்னால் வீடே சிரிக்கும். இப்போது சொன்னவரும் சிரிப்பதில்லை, கேட்டவனும் சிரிப்பதில்லை. ஞாயிற்றுக்கிழமை கறி இல்லாமல் சோறு இறங்காத மனுஷர், போட்டதைத் தின்று, தட்டைக் கழுவிக் கவிழ்த்துவிட்டுப் போய்ப் படுத்துக்கொள்வார். உப்பு கூடினாலும் பேச்சில்லை, குறைந்தாலும் பேச்சில்லை.

ஒரு ஞாயிற்றுக்கிழமை கொழுந்தியாள் வந்தாள். தூரத்து ஊரில் வாழ்க்கைப்பட்டவள், செத்துப்போனவளுக்கு ஒரே தங்கை. வந்தவள் நேரே அடுப்படிக்குப் போய் மூடிகளைத் திறந்து பார்த்தாள். ஒன்றில் பருப்பு, ஒன்றில் கோஸ். முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

"அப்பாவ நான் கூட்டிட்டுப் போறேன் அத்தான். உங்களக் குறையா சொல்லல. நீங்களே பாதி ஆளா ஆயிட்டீங்க."

"சரிம்மா," என்றான்.

மாமனார் ஒரு பைக்குள் வேட்டி சட்டைகளைத் திணித்துக்கொண்டார். வாசலில் நின்று எதையோ சொல்ல வாயெடுத்தார். பிறகு, மாத்திரையை மறந்துவிட்டதாகச் சொல்லி உள்ளே போய் எடுத்துவந்தார். அவன் பஸ் ஏற்றிவிட்டுத் திரும்பினான்.

அதற்குப் பிறகும் அவன் இரண்டு பேருக்குத்தான் சமைத்தான். பாசத்தால் என்று சொல்வதற்கில்லை. ஒரு ஆளுக்கு அரிசி எவ்வளவு, பருப்பு எவ்வளவு என்று கைக்குப் பழகவில்லை. மிஞ்சியதை மறுநாளும் தின்றான். சந்தையில் வழக்கமான காய்காரம்மாவிடம் கோஸைப் பாதியாக வெட்டித் தரச் சொன்னபோது, அவள் கத்தியை எடுத்துவிட்டு அப்படியே நின்றாள்.

"பெரியவரு எங்கப்பா?"

"மக வீட்டுக்குப் போயிட்டாரு."

அவள் பாதி வெட்டினாள். ஆனால் பெரிய பாதியைக் கொடுத்தாள்.

அடுத்த வாரம் கடையில், வெளிர்மஞ்சள் நிறத்தில் ஒரு திரைக்கு மடிப்பு ஓட்டிக்கொண்டிருந்தபோது, மிஷின் ஊசி அவனுடைய இடது ஆள்காட்டி விரலின் நகத்தைத் துளைத்து இறங்கியது. அவன் கத்தவில்லை. சக்கரத்தைப் பின்னால் சுற்றி ஊசியைத் தூக்கினான். வாடிக்கையாளரின் துணியில் ரத்தம் படக்கூடாதே என்று விரலை மட்டும் தள்ளிப் பிடித்துக்கொண்டான். பக்கத்து மிஷின்காரர்தான் பதறி எழுந்தார். வலிக்கவில்லையா என்று அவர் கேட்டபோது, வலிக்கத்தான் செய்கிறது என்று அவனுக்குத் தெரிந்தது. யாருக்கோ வலிப்பதுபோல் இருந்தது. முதலாளி ஆஸ்பத்திரியில் ஊசி போட்டுக் கட்டுக்கட்ட அனுப்பிவைத்து, விரல் ஆறும்வரை வரவேண்டாம் என்றார்.

ஒரு கையால் காய் நறுக்க முடியவில்லை. உருளைக்கிழங்கை முழுசாக அவித்து, தோலோடு உப்புத் தொட்டுத் தின்றான். பாதிக் கோஸ் அலமாரியில் வாடிக்கிடந்தது.

மூன்றாம் நாள் மத்தியானம் கதவு தட்டப்பட்டது. அதே பையோடு மாமனார் நின்றார். அவன் கையைப் பார்த்தார், அலமாரியைப் பார்த்தார். சட்டையைக் கழற்றி ஆணியில் மாட்டிவிட்டு, கோஸை எடுத்துத் தரையில் உட்கார்ந்து நறுக்க ஆரம்பித்தார். விறகு பிளப்பதுபோல் தடித்தடியாக விழுந்தது. அவன் பருப்பை அடுப்பில் ஏற்றினான்.

சாப்பிடும்போது, அங்கே சரியாகக் கவனிக்கவில்லையா என்று அவன் கேட்டான்.

"நல்லாத்தான் கவனிச்சாங்க மாப்ள. தினமும் ஒரு கறி. ஆனா சாப்பிட ஒக்காந்தா அவளப் பத்திப் பேசுறாங்க. போட்டோவுக்கு வெளக்கு வெச்சிருக்காங்க. வர்றவங்க எல்லாம் எப்படிப் போனான்னு எங்கிட்டக் கேக்குறாங்க. நான் எத்தன தடவ சொல்றது?" கொஞ்ச நேரம் சோற்றைப் பிசைந்தார். "இங்க யாரும் ஒண்ணும் பேச மாட்டாங்க. அதான் வந்துட்டேன்."

அவன் அவர் தட்டில் இன்னொரு கரண்டி பருப்பு விட்டான். கோஸ் பாதி வேகாமல் இருந்தது. இருவரும் மென்று முடித்தார்கள்.

சாயங்காலம் கொழுந்தியாள் போன் செய்தாள். சொல்லாமல் கொள்ளாமல் கிளம்பிவிட்டாரே என்று அழுதாள். மாமனார் போனை வாங்கி, தான் இங்கேயே இருந்துகொள்வதாகவும், தீபாவளி, பொங்கல் என்று பார்க்காமல் தோன்றும்போது வந்து போவதாகவும் சொல்லி வைத்துவிட்டார்.

விரல் ஆறியது. நகம் கோணலாக முளைத்தது. வேலை ஒருநாள் விட்டு ஒருநாளாகவே நின்றது. சந்தைக்குப் போகிற வேலையை மாமனார் எடுத்துக்கொண்டார். பேரம் பேசத் தெரிந்தவர், ஆனால் மலிவு என்றால் அளவு தெரியாது. ஒரு சனிக்கிழமை தோளில் ஒரு முழுப் பூசணிக்காயைத் தூக்கிக்கொண்டு வந்து இறக்கினார். அந்த வாரம் முழுக்கப் பூசணிதான். பருப்பில் பூசணி, பயறில் பூசணி, வெங்காயத்தோடு வதக்கிய பூசணி. புதன்கிழமை அவன் தட்டைப் பார்த்தபடி, முதல்முறையாகத் தானாகவே மனைவியைப் பற்றிச் சொன்னான்.

"அவளுக்குப் பூசணிக்கா ஆகவே ஆகாது மாமா."

"தெரியும்," என்றார் அவர். "சின்னதுல தட்டுக்கு அடியில ஒளிச்சு வைப்பா."

அவர் தண்ணீர்ச் செம்பை அவன் பக்கம் நகர்த்தினார். அடுப்படியில் இன்னும் கால்வாசிக் காய் இருந்தது.