தட்டாமல் ஆடிய ஆட்டம்

என் கணவரைப் பற்றி எங்கள் தேவாலயத்தில் யாரைக் கேட்டாலும் ஒரே பதில்தான் வரும்: தங்கமான மனுஷன். ஜெபக்குழுப் பெண்கள் என்னைப் பார்க்கும்போதெல்லாம் இதைச் சொல்லாமல் விடமாட்டார்கள். "உங்க வீட்டுக்காரர் மாதிரி பொறுமை யாருக்கு வரும், சொல்லுங்க?" என்பார்கள். அதற்குள் எனக்கான குத்தலும் இருக்கிறது என்பது புரியாத அளவுக்கு நான் மண்டு இல்லை. எனக்குப் பொறுமை கிடையாது. ஏற்கெனவே எரிந்துகொண்டிருக்கும் மின்தூக்கிப் பொத்தானை மறுபடி மறுபடி அழுத்துகிற ஆள் நான்.

அப்படிப்பட்டவள் கோ விளையாட்டில் போய் மாட்டிக்கொண்டது வேடிக்கைதான். கிளமெண்டியில் நான் வேலை பார்க்கும் ஆய்வுக்கூடத்தில், மதிய இடைவேளையில் சில மாணவர்கள் பலகையை விரித்துவைத்து ஆடுவார்கள். எட்டிப் பார்த்துக்கொண்டே சாப்பிடுவேன். ஒருநாள் வாய் சும்மா இருக்காமல், "அங்கே வைத்தால் செத்தாய்" என்று ஒரு பையனிடம் சொல்லிவிட்டேன். "அப்போ நீங்களே ஆடுங்க ஆண்ட்டி" என்று எழுந்துகொண்டான். அன்றிலிருந்து என் மதியச் சாப்பாடு ஆறித்தான் போகிறது.

விளையாட்டு பார்க்க எளிமையானது. குறுக்கே பத்தொன்பது கோடு, நெடுக்கே பத்தொன்பது. கோடுகள் சந்திக்கும் புள்ளிகளில் ஒருவர் கறுப்புக் கல்லும் மற்றவர் வெள்ளைக் கல்லும் மாறி மாறி வைக்க வேண்டும். வைத்த கல் நகராது. எதிரியின் கல்லை நாலு பக்கமும் அடைத்துவிட்டால் அதைப் பலகையிலிருந்து எடுத்துவிடலாம். கடைசியில் யார் அதிக இடத்தை வளைத்திருக்கிறாரோ அவருக்கு வெற்றி. இவ்வளவுதான். இந்த இவ்வளவுதானில் நான் என் நாற்பதுகளை முழுசாகத் தொலைத்தேன்.

கணவருக்கு நான்தான் சொல்லிக்கொடுத்தேன். தூத்துக்குடிப் பக்கத்திலிருந்து கப்பல் பட்டறை வேலைக்கு வந்தவர் அவர். இப்போது அங்கே பாதுகாப்பு அதிகாரி. வேலையில் அடுத்தவர் தலைக்கவசம் கொஞ்சம் சாய்ந்திருந்தாலும் கண்டுபிடித்துவிடுவார். ஆனால் பலகையின் முன் உட்கார்ந்தால், வைக்கவே கூடாத இடமாகப் பார்த்து வைப்பார். என்னால் அதைப் பார்த்துக்கொண்டு சும்மா இருக்க முடியாது. மேசையில் நகத்தால் இரண்டு தட்டு தட்டுவேன். அவர் கல்லை எடுத்து வேறு இடத்தில் வைப்பார். நாளாக ஆக அதுவே தெம்பனிஸில் எங்கள் வீட்டுச் சட்டமாகிவிட்டது. தட்டினால் எடுத்துக்கொள்ளலாம்.

அவர் மட்டும் எனக்காக ஒருநாளும் தட்டியதில்லை. நான் தப்பே செய்யாதவள் என்று அதற்கு அர்த்தமில்லை. என் தப்பு அவர் கண்ணில் படவில்லை, அல்லது பட்டும் விட்டுக்கொடுக்கிறார். இரண்டாவதுதான் என்று நான் முடிவு கட்டியிருந்தேன். வீட்டில் பெரும்பாலும் நான்தான் ஜெயிப்பேன். ஜெயித்த ஒவ்வொரு முறையும் அந்தச் சந்தேகம் சாப்பாட்டில் கல் மாதிரி பல்லில் பட்டுக்கொண்டே இருந்தது. தங்கமான மனிதரோடு ஆடுவதில் இது ஒரு கஷ்டம்.

கோ விளையாட்டிலும் தரவரிசை உண்டு. கற்றுக்கொள்பவர்களின் படிகளை எல்லாம் ஏறி முடித்த பிறகு முதல் டான் என்று ஒரு நிலை வரும், கராத்தேயில் கறுப்பு பெல்ட் மாதிரி. அதற்கு ஒரே ஒரு படி கீழே வருடக்கணக்காக நின்றுகொண்டிருந்தேன். எத்தனையோ போட்டிகளில் கிட்டப் போய்க் கோட்டைவிட்டிருக்கிறேன். பின்னால் வந்த மாணவர்கள் எல்லாம் தாண்டிப் போய், வேலைக்குப் போய், கல்யாணமும் செய்துகொண்டுவிட்டார்கள். எனக்கு அந்த டான் வேண்டும். அதை யாரும் எனக்கு விட்டுக்கொடுக்கவும் கூடாது.

இந்த முறை போட்டி லிட்டில் இந்தியாவுக்குப் பக்கத்தில் ஒரு மண்டபத்தில், ஞாயிற்றுக்கிழமை நடந்தது. சனிக்கிழமை மாலைப் பூசைக்கே போய்விட்டு வந்தோம். கணவரும் பெயர் கொடுத்திருந்தார், எனக்குத் துணையாக இருக்கட்டும் என்று. துணைக்கு வந்த மனிதர் அதிர்ஷ்டத்திலும் அடித்துப்பிடித்தும் எனக்குச் சமமான வெற்றி எண்ணிக்கையோடு வந்து நின்றார். எங்கள் தரத்தில் ஆடியவர்கள் கொஞ்சம் பேர்தான். மதிய இடைவேளையில் சிராங்கூன் சாலைக் கடை ஒன்றில் தோசை சாப்பிட்டுக்கொண்டிருந்தபோது கைப்பேசியில் கடைசிச் சுற்றின் பட்டியல் வந்தது. நானும் அவரும்தான் எதிரெதிரே. ஜெயிப்பவருக்கு டான்.

"விட்டுக்குடுத்தீங்கன்னா வீட்டுக்கு வராதீங்க" என்றேன்.

"சரிம்மா. தோசையைச் சாப்பிடு."

"நான் சீரியஸா சொல்றேன்."

"நானும்தான். சட்னி வேணுமா?"

ஆட்டம் தொடங்குமுன் யாருக்கு எந்த நிறம் என்று பார்ப்பதற்கு ஒரு வழக்கம் இருக்கிறது. ஒருவர் வெள்ளைக் கற்களை ஒரு பிடி அள்ளி மூடிக்கொள்வார், மற்றவர் அது ஒற்றைப்படையா இரட்டைப்படையா என்று ஊகிக்க வேண்டும். அவர் அள்ளினார். நான் சரியாகச் சொன்னேன். கறுப்பு எனக்கு, அதாவது முதல் கல் என்னுடையது. வெள்ளை இரண்டாவதாக ஆடுவதால் ஈடாகச் சில புள்ளிகளும், சமநிலை வராமல் இருக்க ஓர் அரைப் புள்ளியும் சேர்த்துக் கொடுப்பார்கள்.

முதல் பாதி என் கையில் இருந்தது. இடது பக்கத்திலிருந்து நடுப்பலகை வரை பெரிய இடம் ஒன்றை வளைக்கத் தொடங்கியிருந்தேன். அப்போதுதான் வலது கீழ் மூலையில் அவர் அந்தக் கல்லை வைத்தார். இரண்டு கூட்டமாகப் பிரிந்திருந்த தன் கற்களை இணைக்க வேண்டிய இடத்தை விட்டுவிட்டு, அதற்கு அடுத்த புள்ளியில் வைத்துவிட்டு ஆட்டக் கடிகாரத்தை அழுத்தினார். நான் நடுவில் ஒரு கல்லைச் செருகினால் மூலையில் இருப்பதெல்லாம் போயிற்று.

நான் என்ன செய்தேன் என்று எனக்கே தெரியாது. என் விரல் போய் மேசையில் இரண்டு தட்டு தட்டிவிட்டது. அவரும் யோசிக்கவே இல்லை. வீட்டில் செய்வதுபோல் கையை நீட்டிக் கல்லைத் தூக்கிவிட்டார்.

"ஆண்ட்டி! அங்கிள்! கேனாட் லா!"

பின்னால் நின்றுகொண்டிருந்த நடுவர், ஒரு சீனப் பெண், கூடவே கூடாது என்று கையை ஆட்டிக் கடிகாரத்தை நிறுத்திவிட்டார். போட்டியில் வைத்த கல்லைத் தூக்கினால் தோல்வி. அது எங்கள் இருவருக்கும் நன்றாகத் தெரியும். கல் இன்னும் அவர் விரல்களுக்கு நடுவில் இருந்தது.

"தட்டினது நான். தப்பு என்னோடது" என்றேன்.

"தூக்கினது நான்தானே? நான் தோத்துட்டேன்" என்றார்.

"நீங்க எப்படித் தோப்பீங்க? நான்தான் தோத்தேன்!"

"சும்மா இரும்மா. விதின்னா விதி."

எனக்குக் கோபம் தலைக்கேறிவிட்டது. இதோ, இப்போதும் விட்டுக்கொடுக்கிறார் பாருங்கள்! எல்லார் முன்னாலும் தமிழில் சத்தம் போட்டுக்கொண்டிருந்தோம். பக்கத்துப் பலகைகளில் ஆட்டம் நின்றுபோயிற்று. நடுவர் எங்கள் முகங்களை மாறி மாறிப் பார்த்துவிட்டு, என்ன சண்டை என்று ஆங்கிலத்தில் கேட்டார். யார் தோற்றது என்று சண்டை போடுகிறோம் என்றேன். அவர் சிரிக்காமல் இருக்கப் பெரும்பாடு பட்டார். இத்தனை வருடத்தில் இப்படி ஒரு வழக்கு தன்னிடம் வந்ததில்லை என்று சொல்லிவிட்டுத் தீர்ப்பும் சொன்னார். எதிராளியே தூண்டி எடுக்க வைத்ததால் தோல்வி இல்லை, கல் இருந்த இடத்துக்கே திரும்பிப் போகட்டும். இனி ஆண்ட்டி தட்டக்கூடாது, அங்கிள் தூக்கக்கூடாது.

கல் திரும்பிப் போயிற்று. இப்போது என் முறை. மனம் கொஞ்சம் கூசியது, கை கூசவில்லை. நடுவில் செருகி வெட்டினேன்.

அதற்குப் பிறகு நடந்ததை இன்றைக்கும் ஒவ்வொரு கல்லாக என்னால் வைத்துக் காட்ட முடியும். அவர் உடனே ஆடவில்லை. இரண்டு கைகளையும் தொடைக்கு அடியில் வைத்துக்கொண்டு பலகையையே பார்த்தார். வீட்டில் அவர் அப்படி உட்கார்ந்து நான் பார்த்ததில்லை. கடிகாரம் ஓடிக்கொண்டே இருந்தது. எனக்குத்தான் பதற்றமாக இருந்தது.

பிறகு மூலையைக் காப்பாற்ற அவர் முயலவே இல்லை. அதை எனக்கே கொடுத்துவிட்டு, நான் அதைப் பிடிப்பதற்காக வைத்த ஒவ்வொரு கல்லுக்கும் வெளிப்பக்கம் தன் கல் ஒன்றை வைத்துக்கொண்டு போனார். மூலை முடிந்தபோது அவருக்கு வெளியே நேரான ஒரு வெள்ளைச் சுவர் நின்றது. அது என் நடுப்பலகையைப் பார்த்துக்கொண்டிருந்தது. அப்போதும் நான் முன்னால்தான் இருந்தேன். சுவருக்கு முன்னால் ஒரே ஒரு கல்லை வைத்து நடுவைப் பூட்டியிருந்தால் போதும். ஆனால் அவர் மூலைக்குள் ஒரு சின்ன மிரட்டல் வைத்தார். அந்தக் கற்கள் பிழைக்க வழியே இல்லை. அதை எண்ணிப் பார்த்தால் ஒரு நிமிடத்தில் தெரிந்துவிடும். நான் எண்ணவில்லை. நிச்சயப்படுத்திக்கொள்ளலாம் என்று, ஏற்கெனவே செத்த கற்களைப் பலகையிலிருந்து எடுத்து ஆசையாகக் கல் கிண்ணத்தின் மூடியில் அடுக்கினேன். ஆட்டம் திரும்பியது அங்கேதான்.

செத்ததை நான் மறுபடி கொன்றுகொண்டிருந்த நேரத்தில் அவர் நடுப்பலகைக்குள் குதித்துவிட்டார். பின்னால் சுவர் இருந்ததால் அந்தக் கல்லை என்னால் தொட முடியவில்லை. என் பெரிய இடம் பாதியானது. மிச்ச ஆட்டம் முழுவதும் ஓரங்களில் ஒன்றும் இரண்டுமாகப் பொறுக்கினேன், அவரும் விடாமல் பொறுக்கினார். நடுவர் வந்து எண்ணினார். வெள்ளைக்கு அரைப் புள்ளியில் வெற்றி.

கழிவறைக்குப் போய் அழுதேன். இதில் மறைக்க என்ன இருக்கிறது? எத்தனை வருட ஆசை. முகம் கழுவிக்கொண்டு வந்தபோது அவர் சான்றிதழைச் சுருட்டாமல், மடிக்காமல், எங்கே வைப்பது என்று தெரியாமல் கையில் வைத்துக்கொண்டு நின்றார்.

லிட்டில் இந்தியாவில் டௌன்டவுன் ரயில் ஏறினால் தெம்பனிஸுக்கு மாறாமல் போகலாம். ஆனால் அது நகரம் முழுவதையும் ஒரு சுற்றுச் சுற்றிவிட்டு, ஏறிய இடத்துக்குப் பக்கத்திலேயே ஜாலான் புசாரில் மறுபடி தலைகாட்டிவிட்டுத்தான் கிழக்கே திரும்பும். பொறுமை இல்லாத நான் வழக்கமாக ஜாலான் புசாருக்கு நடந்தே போய் ஏறுவேன், அவரையும் இழுத்துக்கொண்டு. அன்றைக்கு நடக்கத் தெம்பில்லை. பூகிஸ், பேஃபிரண்ட், சைனாடவுன் என்று எல்லாம் போயிற்று. ஜாலான் புசார் வந்ததும் கேட்டுவிட்டேன்.

"இந்த ஆட்டத்தை இத்தனை வருஷம் எங்க ஒளிச்சு வெச்சிருந்தீங்க? வீட்ல எனக்கு வேணும்னேதான் விட்டுக்குடுத்தீங்களா?"

"இல்லம்மா. சத்தியமா இல்ல."

"அப்புறம்?"

சான்றிதழைக் கவனமாக மடியில் வைத்துக்கொண்டார். "வீட்ல நான் யோசிக்கிறதே இல்ல. தப்பா வெச்சா நீதான் தட்டிடுவியே. இன்னிக்கு அந்தப் பொண்ணு தட்டக்கூடாதுன்னு சொல்லிட்டுப் போனதும் பயந்துட்டேன். இனிமே யாரும் சொல்ல மாட்டாங்கன்னு தெரிஞ்சுது. அப்பதான் உக்காந்து யோசிச்சேன்."

சுருக்கென்றது. இத்தனை காலமும் இந்த மனிதர் எனக்கு விட்டுக்கொடுக்கிறார் என்றல்லவா நினைத்துக்கொண்டிருந்தேன். ஊரெல்லாம் மெச்சிய அந்தப் பொறுமையில் பாதி, நான் தட்டுவேன் என்று காத்திருந்ததுதானோ? இதை ஜெபக்குழுவில் நான் சொல்லப்போவதில்லை. அவர்கள் நம்பவும் மாட்டார்கள்.

அடுத்த ஞாயிறு சாப்பாட்டு மேசையில் பலகையை விரித்தோம். இனிமேல் எங்களுக்குள் பிடி அள்ளி ஊகிக்கும் வேலை இல்லை. தரத்தில் கீழே இருப்பவருக்குத்தான் கறுப்பு. அவர் தயங்கினார். நானே கறுப்புக் கிண்ணத்தை என் பக்கம் இழுத்துக்கொண்டேன்.

ஆட்டத்தின் நடுவில் அவர் ஒரு கல்லை அபத்தமாக வைத்தார். என் விரல் துடித்தது. கையைத் தொடைக்கு அடியில் வைத்துக்கொண்டேன். அந்தத் துடிப்பிலோ என்னவோ, அடுத்து நான் வைத்த கல் அதைவிட மோசம். வைத்த மறுநொடியே தெரிந்துவிட்டது.

அவர் கல்லைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். பிறகு கல்யாணம் ஆன நாளிலிருந்து முதல் தடவையாக, மேசையில் நகத்தால் மெதுவாக இரண்டு தட்டு தட்டினார்.

என் கை தானாகவே கல்லை நோக்கிப் போய்விட்டது. பாதியில் நிறுத்தி இழுத்துக்கொண்டேன்.

"தட்டாதீங்க. அது அங்கேயே இருக்கட்டும்" என்றேன். "நானும் கொஞ்சம் உக்காந்து யோசிச்சுப் பாக்குறேன்."