முன்சக்கரத்துச் சத்தம்

வெள்ளிக்கிழமை எங்கள் வீட்டில் கறி கிடையாது. எங்களைப் போன்ற வேதக்காரர்கள் இதைச் சுத்தபோசனம் என்பார்கள். இறைச்சி ஆகாது, மீன் ஆகும். கடலூரில் இருக்கும்வரை இது ஒரு கஷ்டமே இல்லை. கஷ்டமெல்லாம் சிதம்பரத்தில் இருக்கும் அத்தைக்குத்தான். அத்தை அப்பாவுக்கு அக்கா, தனியாக இருக்கிறார். அவர் தெருவில் மற்றவர்கள் எல்லாரும் வெள்ளிக்கிழமை கவுச்சி தொடாதவர்கள். வாங்க ஆளில்லாத தெருவுக்கு மீன்காரம்மா எதற்கு வருவாள்? அதனால் வெள்ளிதோறும் அப்பா துறைமுகத்துக்குப் போய், வந்திருக்கிற மீனில் நல்லதாகப் பார்த்து வாங்கி, ஐஸ் பெட்டியில் வைத்து, சிதம்பரத்துக்குத் தானே காரை ஓட்டிக்கொண்டு போவார். அம்மா போன பிறகு அவர் வாரம் முழுக்க அந்த ஒரு நாளுக்காகத்தான் காத்திருந்தார்.

காரில் சத்தம் வர ஆரம்பித்தது மழைக்குப் பிறகு. இடது முன்சக்கரத்துப் பக்கம், ஸ்பீடு பிரேக்கரில் ஏறி இறங்கினால் டொக் டொக் என்று யாரோ அடியிலிருந்து கதவைத் தட்டுவதுபோல. அப்பாவிடம் சொன்னேன். "எந்தச் சத்தம்?" என்றார். மறுவாரமும் சொன்னேன். "பழைய வண்டின்னா அப்டி இப்டி இருக்கும்மா" என்றார். எனக்கு எரிச்சலான எரிச்சல். அப்பாவுக்குச் சொல்வது செவிடன் காதில் ஊதிய சங்குதான் என்று மெக்கானிக்கிடமே சொல்லிச் சிரித்தேன்.

மெக்கானிக் எங்கள் பங்குக் கோயில்காரர், முதுநகரில் பட்டறை. அப்பாவை மாமா என்றுதான் கூப்பிடுவார். முதலில் லிங்க் ராடை மாற்றிவிட்டு, "ஒரு ரவுண்டு ஓட்டிப் பாத்துட்டுச் சொல்லு மாமா" என்றார். நான் பின்சீட்டில் உட்கார்ந்தேன். திரும்பி வந்ததும் அப்பா, "போச்சுப்பா, சுத்தமா இல்ல" என்று சாவியை ஆட்டினார். சத்தம் அப்படியேதான் இருந்தது. "மீன் வாங்கப் போற அவசரம், பொய் சொல்றாரு" என்று நான் கத்தினேன். அப்பா சாவியை மெக்கானிக்கிடம் நீட்டினார்.

மெக்கானிக்கே ஒரு தடவை ஓட்டிப் பார்த்தார். பிறகு ஜாக்கி போட்டுத் தூக்கி, கீழே சக்கரத்தைத் தாங்கும் லோயர் ஆர்மில் கம்பியைக் கொடுத்து நெம்பினார். அது லொடலொடவென்று ஆடியது. புஷ் ரப்பர் கிழிந்து நார்நாராக இருந்தது, பால் ஜாயின்ட்டும் தேய்ந்துவிட்டது. "ரெண்டு பக்கமும் மாத்திடலாம் மாமா, இல்லாட்டி அடுத்தது அந்தப் பக்கம் ஆரம்பிக்கும்" என்றார். "மாத்திடுப்பா" என்றார் அப்பா. எல்லாம் மாட்டியதும் வண்டியைத் தரையில் இறக்கி, எங்களை உள்ளே உட்காரவைத்து, எடை இறங்கிய பிறகுதான் போல்ட்டை முழுசாக இறுக்கினார்.

அந்த வெள்ளிக்கிழமை நானும் லீவு போட்டுக் கூடப் போனேன். நான் ஸ்கூட்டிக்கு மேல் எதையும் ஓட்டத் தெரியாதவள், ஆனால் சத்தத்துக்கு நான்தான் இன்ஸ்பெக்டர். வண்டி வெண்ணெயாகப் போனது. எத்தனை பள்ளத்தில் இறங்கினாலும் ஒரு முனகல்கூட இல்லை. எனக்கு வாயெல்லாம் பல்.

ஆலப்பாக்கம் தாண்டியதும் அப்பா வழக்கம்போல் ஜெபமாலை ஆரம்பித்தார். ஓட்டுகிறவர் ஒவ்வொரு மந்திரத்துக்கும் முன்பாதி சொல்வார், கூட இருப்பவர்கள் பின்பாதி சொல்ல வேண்டும். நான் பின்சீட்டிலிருந்து சொல்லிக்கொண்டே வந்தேன். அப்போது பின்னால் ஒரு பிரைவேட் பஸ் ஹாரனை அலறவிட்டது. அப்பா நடுரோட்டை விட்டு நகரவில்லை. பஸ் விடாமல் அலறியது. நான் திரும்பிப் பார்த்ததில் பின்பாதியைச் சொல்ல மறந்துவிட்டேன். அப்பா அதற்கான நேரத்தைக் கணக்காக விட்டுவிட்டு, அடுத்த முன்பாதியைத் தொடங்கினார்.

எனக்குச் சுருக்கென்றது. அடுத்ததற்கும் வாயைத் திறக்காமல் இருந்து பார்த்தேன். நேரம் விட்டார், தொடங்கினார். அதற்கடுத்ததற்கும் அப்படியே.

பஸ் எங்களை உரசுகிற மாதிரி ஏறிப் போனது. கண்ணால் பார்த்த பிறகுதான் அப்பா பதறி இடது பக்கம் ஒடித்தார். மீன் பெட்டி சரிந்து கவிழ்ந்தது. "எங்கேருந்து வந்தான் இவன்?" என்றார்.

அத்தை வீட்டில் குழம்பு கொதித்தது. எங்கள் வீட்டில் நாங்கள் அப்பா முகத்தைப் பார்த்துத்தான் பேசுவோம், அத்தைக்கோ எப்போதும் எட்டு வீட்டுக்குக் கேட்கிற குரல். எப்போதிலிருந்து அவருக்குக் கேட்கவில்லை என்று எண்ணிப் பார்க்கக்கூட எனக்குத் துணிவில்லை. மீன் பெட்டியோடு பஸ் ஏறினால் கண்டக்டர் இறக்கிவிடுவார். கார் நின்றால் இந்த வெள்ளிக்கிழமையும் நின்றுவிடும். அப்பாவுக்கு அது தெரியும், எனக்கும் தெரியும். பின்னாளில் காது மிஷின் வாங்கிக் கொடுத்தோம், இரைச்சல் ஜாஸ்தி என்று கழற்றி வைத்துவிட்டார். அன்று நான் காரை நிறுத்தியது சரிதான் என்று எல்லாரும் சொல்கிறார்கள். சரிதான். பட்டறையில் சொல்லிச் சிரித்த அந்தச் செவிடன் என்ற வார்த்தை மட்டும் என் வாயிலிருந்து வராமல் இருந்திருக்கலாம் என்று இன்றுவரை வருத்தமாக இருக்கிறது.

அன்று அத்தை வீட்டிலிருந்து கிளம்பும்போது வாசலில் அப்பா முன்னால் போய் நின்று சொன்னேன். "அப்பா, இனிமே நீங்க வண்டி ஓட்ட வேணாம்."

"ஏம்மா, இன்னும் சத்தம் வருதா? என்னா மாத்தணும்னு சொல்லு, மாத்திடலாம்."

"வண்டில ஒண்ணும் இல்லப்பா."

அவர் என் வாயையே பார்த்துக்கொண்டிருந்தார். சாவியை எடுத்து என் கையில் வைத்தார்.

"எனக்கு அந்தச் சத்தம் ஒரு நாளும் கேக்கலம்மா. நீ சொல்றியேன்னுதான் எல்லாத்தையும் மாத்தினேன்" என்றார்.