தாளில் வராத வலி

எழுபதுகளின் நடுவில், மூணாறு மலையில் சித்திரபுரத்துக்கு மேலே ஓர் எஸ்டேட் ஆஸ்பத்திரியில் நான் நர்ஸாக இருந்தேன். என் ஊர் பாலக்காட்டுக்குக் கிழக்கே, சித்தூர்ப் பக்கம். நான் எங்கள் கொங்குப் பேச்சில் ‘ஏனுங்க்கா’ என்று கேட்டாலே கொழுந்து பறிக்கும் பெண்கள் வலியை மறந்து சிரிப்பார்கள்.

நான் சேர்ந்த புதிதில், நெஞ்சுவலி என்று யார் வந்தாலும் டாக்டர் கட்டிலில் படுக்கவைத்து இரண்டு நாள் பார்ப்பார். நாங்கள் மணிக்கொரு தரம் நாடி பிடித்து எழுதுவோம். இருந்ததே பத்துக் கட்டில், எப்போதும் நிறைந்திருக்கும். வேலைக்கு ஆள் குறைகிறதென்று மேனேஜர் முகம் சுளிப்பார்.

பிறகு இ.சி.ஜி. மெஷின் வந்தது. அதைப் பழகிக்கொள்ள என்னைத்தான் கோட்டயத்துக்கு அனுப்பினார்கள். திரும்பி வந்தபோது எனக்குக் கால் தரையில் பாவவில்லை. மெஷின் உறையில் தூசி படியாமல் துடைப்பதே பெரிய வேலை என்று திரிந்தேன். சீக்கிரமே கட்டில்கள் காலியாயின. தாளில் கோடு சரியாக விழுந்தால் மாத்திரை கொடுத்து அனுப்பிவிடலாம். டாக்டருக்கும் நிம்மதி, மேனேஜருக்கும் சந்தோஷம்.

ஒரு மழைக்காலத்துக் காலையில் கொழுந்து பறிக்கும் ஓர் அக்கா வந்தார். நாற்பது வயதிருக்கும். தேயிலைக் காட்டிலிருந்து நேராக இறங்கி வந்திருந்தார். இடுப்பில் கட்டிய சாக்கு நனைந்து சொட்டிக்கொண்டிருந்தது.

“இடது தோள்பட்டையில என்னமோ ஏறி உக்காந்த மாதிரி இருக்கு தாயி. மேல ஏற முடியல.”

கட்டிலில் படுக்கவைத்து, கையிலும் காலிலும் பசை தடவித் தகடுகளைக் கட்டினேன். பசையின் குளிர்ச்சியில் உடம்பைச் சுருக்கிக்கொண்டார்.

“கரண்டு அடிக்குமா தாயி?”

“அதெல்லாம் ஒண்ணும் பண்ணாதுங்க்கா. மூச்சை மெதுவா விடுங்க.”

அவர் நெற்றியில் கை வைத்தேன். சில்லென்று வேர்த்திருந்தது. அந்தக் குளிரில் யாருக்கும் வேர்க்காது. மழையில் வந்ததால் இருக்கும் என்று நினைத்துக்கொண்டேன். இல்லை, நினைத்துக்கொள்ளப் பார்த்தேன். துணியால் துடைத்தேன். மறுபடி துளிர்த்தது. அதற்குள் தாள் ஓடத் தொடங்கிவிட்டது. கோட்டயத்தில் படத்தில் காட்டியது போலவே கோடு அழகாக வந்தது.

டாக்டர் தாளை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். மலையாளத்துக்காரர், எங்களோடு பேசிப் பேசிப் பாதித் தமிழ் பழகியிருந்தார். “ஒந்நும் இல்ல. கேஸ் ஆணு. பேடிக்க வேண்டாம்” என்றார். வெறும் வாயுதான், பயப்பட வேண்டாம் என்று அர்த்தம்.

வேர்வையைப் பற்றி நான் அவரிடம் சொல்லவில்லை. தாளே பேசிவிட்ட பிறகு ஒரு நர்ஸ் என்ன சொல்வது?

“மெஷின்லயே நல்லா இருக்குதுங்க்கா, தைரியமா போங்க” என்று நான்தான் அனுப்பிவைத்தேன். அவர் என் கன்னத்தைத் தடவிவிட்டுப் போனார்.

சாயங்காலம் அடுப்புக்கு முன்னால் உட்கார்ந்தபடியே சரிந்துவிட்டார். தூக்கிக்கொண்டு ஓடிவந்தார்கள். ஆஸ்பத்திரி வாசல் வந்தபோது உயிர் இல்லை.

டாக்டர் அந்தத் தாளை மேசையில் விரித்து வைத்து வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு என்னிடம், “ஹார்ட் அட்டாக் தொடக்கத்துல பேப்பர்ல வராது சிஸ்டர். சில நேரம் வரவே வராது. எனக்குத் தெரியும். தெரிஞ்சும் விட்டேன்” என்றார்.

பதினாறு கழிந்த மறுநாள் நான் லயத்துக்குப் போனேன். ஒரே கூரையின் கீழ் வரிசையாக ஆறு வீடுகள். கடைசி வீடு அவர்களுடையது. டீ ஃபேக்டரியில் வேலை பார்த்த அவர் கணவர் வாசலில் குந்தியிருந்தார். சொல்லாமல் இருந்தால் என்னால் தூங்க முடியாது என்று தோன்றியதால் சொன்னேன்.

“அண்ணா, அன்னிக்கு அவங்களுக்கு நெத்தி வேர்த்திருந்துச்சுங்க. நான் பார்த்தேன். டாக்டருகிட்டச் சொல்லலீங்க.”

அவர் நிமிர்ந்து பார்த்தார். “சொல்லியிருந்தா?”

“போக விட்டிருக்க மாட்டாருங்க.”

“பொழைச்சிருப்பாளா?”

“தெரியலீங்கண்ணா.”

அவர் என்னைத் திட்டியிருந்தால் தாங்கியிருப்பேன். “மழை வருது, போங்க தாயி” என்று மட்டும் சொல்லி உள்ளே போய்விட்டார்.

அந்தச் சாவுக்குப் பிறகு, தாள் எப்படி இருந்தாலும் நெஞ்சுவலிக்காரர்களை ஒரு நாளாவது படுக்கவைக்க வேண்டும் என்றார் டாக்டர். மேனேஜர் கேட்டதற்கு, “என் ஆஸ்பத்திரி, என் கட்டில்” என்று முகத்துக்கு நேரே சொன்னார். நானும் பார்த்ததை எல்லாம் எழுதத் தொடங்கினேன்: வேர்வை, உதட்டு நிறம், பேச்சில் தடுமாற்றம். டாக்டர் முதலில் அதைப் படித்துவிட்டுத்தான் தாளைக் கேட்பார். அதில் சிலர் பிழைத்ததும் உண்டு. அந்தச் சந்தோஷம் எனக்கு முழுசாக வந்ததில்லை.

அந்த அக்காவின் கணவர் மட்டும் எங்கள் படி ஏறவில்லை. அடுத்த பனிக்காலத்தில் ஒருநாள் பஸ் நிற்கும் இடத்தில் கம்பளியைப் போர்த்தி, காய்ச்சலில் நடுங்கிக்கொண்டு நின்றார். மூணாறுக்கு வைத்தியம் பார்க்கக் கிளம்பியிருந்தார். எங்கள் ஆஸ்பத்திரி கூப்பிடு தூரத்தில்தான் இருந்தது.

“வாங்கண்ணா, நான் பார்த்துக்கறேனுங்க.”

“வேண்டாம் தாயி. பஸ்ஸு இப்ப வந்துரும்.”

கோபமே இல்லாமல் சொன்னார். பஸ் வர அரை மணி நேரமானது. அதுவரை நானும் அவர் பக்கத்திலேயே நின்றேன்.