கூரைக்குப் பதிலாக ஒரு விசா

எண்பதுகளின் நடுப்பகுதி. பல்கலைக்கழகத்தைக் காலவரையறையின்றி மூடிவிட்டதால் நான் கிழக்கிலங்கையின் கல்முனையில் எங்கள் வீட்டுக்குத் திரும்பியிருந்தேன். மாரி மழை ஓய்ந்து வயல்களில் அறுவடை தொடங்கியிருந்த நாட்கள் அவை. எங்கள் வளவின் கிழக்குப் புறத்தில் என் அக்காவான ராத்தாவுக்காக வாப்பா கட்டிய வீடு சுவர்களோடு நின்றுபோயிருந்தது. எங்கள் பகுதியில் பெண்ணுக்கு வீடு கொடுத்தே மாப்பிள்ளை எடுப்பார்கள். வீடு முடியாவிட்டால் கலியாணமும் முடியாது. முந்திய போகத்து நெல்லை வெள்ளம் கொண்டுபோய்விட்டதால், சன்னல் கம்பி வரைக்கும் வந்த வாப்பாவால் கூரைக்கு ஓடு வாங்க இயலவில்லை.

அந்தச் சன்னல்களுக்குக் கம்பி ஒட்டியவரை நாங்கள் 'வெல்டிங் பாஸ்' என்றே அழைத்தோம்; கைத்தொழில் தெரிந்தவரை எங்கள் ஊரில் 'பாஸ்' என்பார்கள். நாட்டின் உட்பகுதியில் ஓர் ஆலையின் வேலைத்தளத்தில் நிரந்தர உத்தியோகம் பார்த்த தமிழர். இனக்கலவரத்தில் வீட்டுக்குத் தீ வைக்கப்பட்ட பின் மனைவியையும் பெண்பிள்ளையையும் கூட்டிக்கொண்டு கரைப்பக்கம் வந்து, எங்கள் ஊரை அடுத்த பாண்டிருப்பில் ஒரு பாடசாலை மண்டபத்தில் தங்கியிருந்தார். பல குடும்பங்கள் இருந்த அந்த மண்டபத்தில், சேலைகளைக் கயிற்றில் தொங்கவிட்டு மறைத்த ஒரு மூலைதான் அவர்களுக்கு வீடு. எங்கள் வளவில் கிடைத்த கூலிவேலைதான் அவருக்கு அப்போதிருந்த ஒரே வேலை.

வாப்பாவின் தம்பியான சாச்சா வளைகுடா நாடொன்றில் குழாய் பதிக்கும் கம்பனியில் போர்மனாக இருந்தார். அவர் விடுமுறையில் வந்த வேளையில், ஆள் எடுப்பதற்காகக் கொழும்புக்கு வந்திருந்த அவருடைய பொறியியலாளரும் எங்கள் வீட்டுக்கு விருந்துண்ண வந்தார். பலஸ்தீனர். நரைத்த மீசையும் தாழ்ந்த குரலும் உடையவர். வாப்பாவோடும் சாச்சாவோடும் ஒரே சகன் தட்டில் கைவைத்து நெய்ச்சோறு உண்டுவிட்டு, கைகழுவப் புறப்பட்டவர் புதுவீட்டுச் சன்னலருகே நின்றுவிட்டார். கம்பிகள் பொருந்திய இடத்தைப் பெருவிரலால் தடவிப் பார்த்தார். யார் செய்தது என்று கேட்டார்.

சாச்சாவின் அரபு வேலைத்தளத்து அரபு. 'தூக்கு, இறக்கு, நிறுத்து' என்பதோடு முடிந்துவிடும். அந்த மனிதருக்கோ வேறு விடயங்கள் பேச வேண்டியிருந்தது. ஆகவே கதவுக்குப் பின்னால் நின்ற என்னை வாப்பா அழைத்தார். புத்தகங்களில் படித்த ஆங்கிலத்தைக் கொண்டு நான் மொழிபெயர்க்கத் தொடங்கினேன்.

முதலில் அவர், வளவில் வேலையிலிருந்த பாஸை அழைப்பித்து, இரண்டு குழாய்த் துண்டுகளைப் பொருத்தச் சொன்னார். பாஸ் குந்தியிருந்து, கறுப்புக் கண்ணாடியை முகத்துக்குப் பிடித்து, குழாயைச் சுற்றி ஒட்டி முடித்தார். ஒரு பக்கத்தை அடைத்து, மறுபக்கத்தால் தண்ணீர் ஊற்றிப் பார்த்தார்கள். ஒரு சொட்டும் வெளியே வரவில்லை. பொறியியலாளர் அந்த ஈரக் குழாயைக் கையில் வைத்துக்கொண்டே பேசினார். தாம் பிறந்தது அகதிக் கூடாரத்தில் என்றார். தமக்குத் தொழில் தெரியும் என்ற ஒன்றுக்காகவே ஒரு முதலாளி பொறுப்பு நின்று தம்மை அங்கிருந்து எடுத்தார் என்றார். அதனால் வருடத்துக்கு ஒரு விசாவையேனும், வீடிழந்த ஒரு தொழிலாளிக்கென்று கம்பனியிடம் கேட்டு வாங்குவது தம் வழக்கம் என்றும், இந்த வருடத்து விசா இவருக்கு என்றும், பின்னர் மனைவி பிள்ளையையும் அழைத்துக்கொள்ள ஒழுங்கு செய்யலாம் என்றும் சொன்னார்.

நான் மொழிபெயர்த்து முடித்ததும் பாஸ் என்னைப் பார்த்தார்.

"தங்கச்சி, 'பாப்பம்' எண்டு சொல்றாரா, 'தாறன்' எண்டு சொல்றாரா? வடிவாக் கேட்டுச் சொல்லுங்க."

நான் மீண்டும் கேட்டேன். அவர் மீண்டும் சொன்னார்.

"தாறன் எண்டுதான் சொல்றார்," என்றேன்.

பாஸ் தலையைக் குனிந்துகொண்டார்.

சாச்சா திரும்பிப்போய்ச் சில மாதங்களுக்குள், பல்கலைக்கழகம் திறக்குமுன்னரே, விசா வந்தது. பாஸிடம் ஒப்படைக்கச் சொல்லிப் பொறியியலாளர் சாச்சாவிடம் கொடுத்திருந்தார். சாச்சா அதை ஊருக்கு வந்த ஒருவரிடம் கொடுத்து வாப்பாவுக்கு அனுப்பிவைத்தார். அத்தகைய விசாவில் நாடும் தொழிலும் மட்டுமே இருக்கும். ஆளின் பெயரைப் பின்னர் சேர்த்துக்கொள்வார்கள். பெயரில்லாத விசா எங்கள் வீட்டு அலுமாரிக்குள் இருக்கிறது என்ற செய்தி, பாண்டிருப்பை எட்டுமுன்னர், ராத்தாவுக்குப் பேசியிருந்த மாப்பிள்ளையின் வீட்டை எட்டிவிட்டது.

மாப்பிள்ளையின் தாயார் எங்கள் வீட்டுக்கு வந்து, வெற்றிலைத் தட்டத்தைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டு, வாப்பாவை அண்ணன் முறையில் 'காக்கா' என்றழைத்துப் பேச்சைத் தொடங்கினார்.

"ஓடு கிடக்கட்டும் காக்கா. நாங்க அதுக்கு அவசரப்படல்ல. எங்கட மகன் வெளிநாட்டுக்கு ஒரு சபர் போய்ட்டு வந்தானெண்டா, அவனே ஓட்டப் போட்டுக்குவான். விசா ஒண்டு வந்திரிக்காமே?"

வாப்பா, "பாப்பம்" என்றார். அன்று மாலையே அது "சரி" என்றாகிவிட்டது; சாச்சாவுக்கும் கடிதம் போனது.

நான் அதிகம் பேசுகிறவள் அல்ல. வாப்பாவை எதிர்த்து அதுவரை ஒரு சொல்லும் சொன்னதில்லை. ஆயினும் அன்று பேசினேன்.

"வாப்பா, அது அமானிதம். அந்த மனிசர் இன்னாருக்கெண்டு நம்பித் தந்தது."

"அமானிதமெண்டா என்னெண்டு எனக்கும் தெரியும் மகள். வீட்டில இரிக்கிற குமரும் அல்லாஹ் எனக்குத் தந்த அமானிதம்தான். எத முதல்ல குடுக்கிற, நீ சொல்லு."

பொறியியலாளருக்கு நானே எழுதுகிறேன், முகவரி வேண்டும் என்றேன். "அந்நிய ஆம்பிளைக்குக் கடிதமா? நல்ல படிப்புத்தான் படிச்சிரிக்கா!" என்று உம்மா வாயைப் பொத்திக்கொண்டார். ராத்தா மட்டும் என்னைத் தனியே அழைத்து, தணிந்த குரலில் சொன்னாள்: "நீ லீவு முடியப் போயிருவா. ஓடில்லாத வீட்டப் பாத்துக்கிட்டு இரிக்கிறவள் நான். உன்ட நியாயம் எனக்கு மாப்பிள கொண்டு வருமா?" அவளுக்குப் பின் வளர்ந்த பெண்கள் கையில் பிள்ளையோடு எங்கள் வீதியால் போய்க்கொண்டிருந்தார்கள். முகவரி கேட்பதை நான் விட்டுவிட்டேன்.

அதோடு முடிந்திருந்தால்கூட இதை எழுதத் துணிந்திருக்க மாட்டேன். மாப்பிள்ளை புடைவைக் கடையில் வேலை செய்தவர். இரும்பைத் தொட்டறியாதவர். போன இடத்தில் ஒட்டச் சொன்னால் என்ன செய்வது? வாப்பா பாஸைக் கூப்பிட்டு, விசா இப்படியாயிற்று என்பதையும், மாப்பிள்ளைக்குத் தொழில் பழக்கித் தரவேண்டும் என்பதையும் ஒரே மூச்சில் சொன்னார். அடுத்த விசா அவருக்குத்தான் என்று சாச்சா வாக்குத் தந்திருப்பதாகவும் சொன்னார்; அப்படியொரு வாக்கை நான் அறியேன். கூலி தருவதாகவும் சொன்னார்.

"சரி காக்கா. நாளைக்கு வாறன்," என்றார் பாஸ்.

ஏன் சம்மதித்தார் என்பது எனக்கு விளங்கவில்லை. மறுநாள் தேநீர் கொடுக்கும் சாட்டில் கேட்டேன்.

"இவர் போய்ப் பிழைவிட்டா, அந்த ஐயா பிறகு இந்த ஊர்ப்பக்கம் திரும்பியும் பாக்கமாட்டார், தங்கச்சி. இவர் நல்லாச் செய்தாத்தான் எனக்கும் ஒரு வழி கிடக்கு," என்றார்.

ஆக, தன்னுடைய இடத்துக்குப் போகிறவரை, தன் நம்பிக்கையைக் கொண்டு அவர் தயார் செய்தார். அவரே ஒட்டிய சன்னல் கம்பிகளுக்கு இப்பால் நின்று நான் அதைப் பார்த்தேன். பொறுமையாகவே சொல்லிக்கொடுத்தார். இடையிடையே பகிடியும் விட்டார். "தம்பி, இது துணியில்ல, பிடிச்சுக் கிழிக்க. கை ஓடக்கூடாது, ஊரவேணும்." மாப்பிள்ளை சிரித்துக்கொண்டே கையை ஓடவிடுவார். ஒருநாள், சொல்லச்சொல்லக் கேளாமல் கண்ணாடியை விலக்கிவிட்டு அந்த வெளிச்சத்தைப் பார்த்தார். மாலையாவதற்குள், கண்ணுக்குள் மணல் கொட்டியது போல் எரிகிறதென்று துடித்தார். அவருடைய தாயார் எங்கள் வளவுக்கே வந்து, "விசா கிடைக்கல்ல எண்ட எரிச்சலில என்ட புள்ளட கண்ணப் பறிக்கப் பாத்தவன்!" என்று வீதிக்குக் கேட்கக் கத்தினார். பாஸ் ஈரத்துணியை மடித்து மாப்பிள்ளையின் கண்களின் மேல் வைத்துவிட்டுப் போனார். மறுநாளும் வந்தார்.

பயணம் நெருங்கியிருந்த ஒரு முற்பகலில் சாச்சாவிடமிருந்து கசற் வந்தது. கடிதத்துக்குப் பதிலாக அங்குள்ளவர்கள் கசற் நாடாவில் பேசிப் பதிந்து அனுப்புவது வழக்கம். வாப்பா, உம்மா, ராத்தா, நான் எல்லோரும் ரேடியோவைச் சுற்றி அமர்ந்தோம். புதுவீட்டுப் பக்கமிருந்து வெல்டிங் இரைச்சல் வந்துகொண்டிருந்ததால் உம்மா சத்தத்தை முழுமையாகக் கூட்டிவிட்டார். ஸலாமும் சுகசெய்தியும் முடிந்து சாச்சா விடயத்துக்கு வந்தார். அந்த நேரத்தில் பாஸ் வெல்டிங் கம்பி மாற்றுவதற்காக வேலையை நிறுத்தியிருக்க வேண்டும். இரைச்சல் நின்றது. சாச்சாவின் குரல் வளவெங்கும் கேட்டது.

"...எஞ்சினியர் அந்த வெல்டிங் பாஸக் கேட்டுக்கிட்டே இரிந்தார். ஆள் குடும்பத்தோட இந்தியாவுக்குத் தோணியேறிட்டான் எண்டு சொல்லி முடிச்சிட்டன். மனிசன் கவலப்பட்டார். இனிக் கேக்கமாட்டார். அதால காக்கா, அந்தாளுக்கு அடுத்த விசா அது இது எண்டு நீங்க வாயக் குடுத்திராதீங்க..."

உம்மா பதறிப்போய் எதையோ அழுத்தினார். நாடா கீச்சிட்டு நின்றது. வெளியிலும் ஒரு சத்தமுமில்லை. வாப்பா கதவைப் பார்த்தபடி இருந்தார். எழுந்து போகவில்லை.

பின்னர் இரைச்சல் மீண்டும் தொடங்கியது. பாதியில் நின்ற அந்த ஒட்டை அவர் முடித்தார். கசடைத் தட்டிவிட்டார். சாமான்களை உரப்பையில் கட்டினார். மாப்பிள்ளையிடம், "கண்ணாடியக் கழட்டாதீங்க தம்பி. அங்க வேலை நேரம் கூட, கண் போயிடும்," என்று சொல்வது கேட்டது. போகும்போது சன்னலருகே ஒரு கணம் நின்றார்.

"தங்கச்சி, அந்த ஐயா அண்டைக்கு 'தாறன்' எண்டுதானே சொன்னவர்?"

"ஓம்."

"அப்ப அவரில பிழையில்ல," என்றார். வேலிக் கடப்பைத் திறந்து வெளியே போய், அதை மீண்டும் கவனமாகச் சாத்தினார்.

அதன்பின் அவர் வரவில்லை. மாப்பிள்ளை பயணமாகிச் சில வாரங்கள் கழித்து, பாண்டிருப்பிலிருந்த என் பள்ளித்தோழியோடு அந்த மண்டபத்துக்குப் போனேன். சேலை மறைப்பு அப்படியே இருந்தது. உள்ளே வேறொரு குடும்பம் இருந்தது. பாஸ் மனைவி பிள்ளையோடு மன்னார்ப் பக்கம் போய் இந்தியாவுக்குத் தோணியேறியதாகச் சொன்னார்கள். கரைசேர்ந்தார்களா என்று சொல்ல அங்கு ஒருவருமில்லை. சாச்சா சொன்ன பொய்யை நாங்களே உண்மையாக்கியிருந்தோம்.

மாப்பிள்ளை ராத்தாவை முடித்து எனக்கு மச்சானானார்; அங்கே நல்ல பெயரும் எடுத்தார். கண்ணாடியைக் கழற்றுவதில்லையாம். ராத்தாவுக்கு இப்போது ஒரு மகள். எங்கள் குடும்பத்துக்கு எந்தத் தீங்கும் நேரவில்லை என்பதை நான் மறைக்காமல் சொல்லவேண்டும். சென்ற விடுமுறையில் என் கலியாணப் பேச்சு எழுந்தபோது வாப்பா, "சாச்சாட்டச் சொன்னா இன்னொரு விசா பாப்பார்," என்று சாதாரணமாகச் சொன்னார். வெளியே மழை பெய்துகொண்டிருந்தது. மச்சானின் உழைப்பில் போட்ட ஓட்டுக் கூரையின் கீழ் நாங்கள் எல்லோரும் இருந்தோம். 'தாறன்' என்று என் வாயால் சொல்லப்பட்ட ஒரு சொல் எந்தக் கடலில் கிடக்கிறதோ என்று, ஒரு சொட்டும் ஒழுகாத அந்தக் கூரையைப் பார்க்கும்போதெல்லாம் நினைத்துக்கொள்கிறேன்.