சி படிவத்துக்கு எடுத்த படம்

வட்டக்கானலில் எங்களுக்கு நான்கு அறைகள் கொண்ட ஒரு விடுதி இருக்கிறது. வெளிநாட்டவர் யாராவது வந்து தங்கினால் ஒரு நாளுக்குள் சி படிவம் நிரப்பிக் காவல்துறைக்கு இணையத்தில் அனுப்ப வேண்டும். பாஸ்போர்ட் விவரங்களோடு ஒரு படமும் சேர்க்க வேண்டும். படத்தை நானே கைபேசியில் எடுப்பேன். அதற்காகவே முன்னறையில் ஒரு சுவரை ஆணி எதுவும் அடிக்காமல் வெள்ளையாக விட்டு வைத்திருக்கிறேன்.

போன வருடம் அக்டோபர் இரண்டாவது திங்கட்கிழமை, காலை பதினொன்று இருபதுக்கு, அந்தச் சுவரில் சாய்ந்து நின்றவர் கானா நாட்டுப் பெண். கோயம்புத்தூரில் ஒரு கல்லூரியில் மண்ணியல் ஆராய்ச்சி செய்கிறவர். ஆய்வேட்டின் கடைசி அத்தியாயத்தை எழுதி முடிக்கப் பத்து நாள் அறை வேண்டும் என்று தமிழிலேயே கேட்டார்.

“சத்தமில்லாம இருந்தாப் போதுமுங்க.”

அடுப்படியிலிருந்து என் மனைவி எட்டிப் பார்த்தாள். “என்னங்க இது, கோயம்புத்தூர்க்காரி மாதிரில்ல பேசுது இந்தப் புள்ள.”

“ஹாஸ்டல்ல சமைக்கிற அக்காகிட்டக் கத்துக்கிட்டதுங்க. திட்டவும் தெரியும்.”

பாஸ்போர்ட்டைப் புரட்டியபடி, உங்கள் நாட்டுக்குச் சுதந்திரம் கிடைத்தது 1957 மார்ச் ஆறு என்று சொன்னேன். எனக்கு அது ஒரு பழக்கம். தேதி தெரிந்தால் சொல்லாமல் இருக்க முடியாது.

“கையில என் பொறந்த தேதி இருக்குது, அதை விட்டுட்டு நாட்டோடதைச் சொல்றீங்களே அங்கிள்” என்று சிரித்தார்.

படம் எடுக்கும்போது சிரிப்பு போய்விட்டது. இது எங்கே போகும் என்று கேட்டார். “போலீஸுக்கு மட்டும். வேறெங்கயும் போகாது” என்றேன். கேட்டதற்குக் காரணத்தையும் சொன்னார். முந்தின வருடம் டவுன் பஸ்ஸில் தூங்கிக்கொண்டிருந்தவரை யாரோ படம் பிடித்து, கேலிப் பாட்டு ஒன்றைச் சேர்த்துப் பரப்பிவிட்டார்கள். ஆறு மாதம் பஸ் நிறுத்தத்தில் நிற்க முடியவில்லை. இங்கே யார் கண்ணிலும் படாமல் பத்து நாள் நடந்து திரிய வேண்டும், அவ்வளவுதான் என்றார். மறுபடியும் உறுதி சொன்னேன்.

கொடைக்கானல் ஊருக்குள் ஒரு சிறிய ஆங்கிலவழிப் பள்ளி இருக்கிறது. இங்கிலாந்தில் ஒரு பள்ளியோடு அவர்களுக்குக் கடிதப் போக்குவரத்து. அங்கே அக்டோபர் மாதம் கறுப்பின மக்களின் வரலாற்றையும் பண்பாட்டையும் கொண்டாடுகிறார்களாம். நீங்களும் ஒரு விழா நடத்தி வீடியோ அனுப்புங்கள் என்று எழுதியிருந்தார்கள். அந்த விழாவில் வாசிக்க வரலாற்றுக் குறிப்பு ஒன்று எழுதித் தரும்படி தலைமையாசிரியை என்னைக் கேட்டிருந்தார். “உங்களை விட்டா இந்த ஊர்ல யாரு சார்” என்றார்.

நான் இருபத்தாறு வருடமாக வீட்டு முற்றத்தில் மழை அளந்து எழுதி வருகிறேன். மலைப்பாதை அடைபட்ட நாட்கள், குறிஞ்சி பூத்த வருடங்கள், மிஷனரிகள் வந்த கதை என்று நோட்டுகள் அலமாரி நிறைய இருக்கின்றன. அவற்றிலிருந்து ஒரு வரி வேண்டும் என்று அதுவரை யாரும் கேட்டதில்லை. நான்கு பக்கம் எழுதினேன். 1807இல் பிரிட்டிஷார் அடிமை வியாபாரத்தை நிறுத்தியது, 1834இல் அடிமை முறையே போனது, அந்த இடத்தை நிரப்ப நம் ஆட்களைக் கரும்புத் தீவுகளுக்குக் கப்பலேற்றியது. ஒவ்வொரு தேதியையும் இரண்டு புத்தகங்களில் சரிபார்த்தேன்.

செவ்வாய்க்கிழமை தலைமையாசிரியை போன் செய்தார். குறிப்பு பிரமாதம் என்றார். “ஆனா சார், பசங்க ஒரு ஆப்பிரிக்கரை நேர்ல பார்த்ததே இல்ல. யாராவது கிடைச்சா ப்ரோக்ராமே வேற லெவல்.”

வாயை மூடிக்கொண்டிருந்திருக்கலாம். எங்கள் விடுதியில் ஒருவர் இருக்கிறார் என்றேன்.

“சார், அவங்கதான் சீஃப் கெஸ்ட். ஒரு போட்டோ அனுப்புங்க, சும்மா டிசைன் பார்க்க.”

“நான் இன்னும் அவங்ககிட்டக் கேட்கல டீச்சர். கேட்டுப் பார்க்கிறேன்.”

“கேளுங்க, கேளுங்க. போட்டோ மட்டும் இப்ப அனுப்பிருங்க.”

மாலை நான்கு பத்துக்கு அனுப்பினேன். நாட்குறிப்பில் அப்படித்தான் இருக்கிறது.

புதன்கிழமை காலையில் கேட்பதாக இருந்தேன். அவர் பூண்டு வயலுக்குப் போய் ஒரு பொட்டலம் மண்ணோடு சந்தோஷமாகத் திரும்பி வந்தார். அந்த நேரத்தில் கேட்க மனம் வரவில்லை. வியாழக்கிழமை விடிவதற்குள் பெருமழை. வத்தலக்குண்டு மலைப்பாதையில் பாறை விழுந்தது. பழனிப் பாதையில் மண் சரிந்தது. பஸ் நின்றுபோனது. அதற்கு முன்பே, புதன்கிழமை காய்கறி லாரி ஒன்றில், அச்சடித்த சுருள்கள் இரண்டு கீழிருந்து மேலே வந்து சேர்ந்திருந்தன. அது எனக்குத் தெரியாது.

வெள்ளிக்கிழமை காலை, அந்தப் பெண் முன்னறையில் உட்கார்ந்து இட்லி சாப்பிட்டுக்கொண்டிருந்தார். பால் கொண்டுவந்து தரும் ஜீப் டிரைவர் தலையைத் துவட்டியபடி உள்ளே வந்தான்.

“அண்ணே, இவங்க பெரிய ஆளுன்னு சொல்லவேயில்லையே. மூஞ்சிக்கல் ரோட்டுல படம் வச்சிருக்காங்க, ஆறடிக்கு நாலடி.”

கைபேசியில் எடுத்து வந்ததை அவரிடமே நீட்டினான். ஃபிளெக்ஸ் பேனர். “கறுப்பர் வரலாற்று விழா, சிறப்பு விருந்தினர்” என்று மேலே கொட்டை எழுத்து. கீழே ஓரமாக, வரலாற்று உரை என்று போட்டு என் பெயர். நடுவில் அவர் முகம். சுற்றிலும் யானை, சூரியன், பனைமரம்.

அவர் இரண்டு விரலால் படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தார். “சுவர் நல்லாத் தெரியுதுங்க அங்கிள்” என்றார். தட்டைக் கழுவி வைத்துவிட்டு மூன்றாம் எண் அறைக்குள் போய்க் கதவைச் சாத்தினார்.

மத்தியானம் பக்கத்துக் காட்டேஜிலிருந்து இரண்டு பையன்கள் செல்ஃபி எடுக்க வேண்டும் என்று வந்தார்கள். மழையில் மாட்டிக்கொண்ட மதுரைக் குடும்பம் ஒன்று பொழுதுபோகாமல் பிள்ளைகளோடு வந்தது. என் மனைவி வாசலை மறித்து நின்றாள்.

“இங்க என்ன சர்க்கஸா நடக்கு? சோலியப் பாத்துட்டுப் போங்கப்பா.”

அவர்கள் போனதும் என் பக்கம் திரும்பினாள். “காட்டப் பாக்கணும், நடக்கணும்னு வந்த புள்ள. நீங்க பண்ணுன வேலைக்கு உள்ள அடைஞ்சு கெடக்கு.”

மூன்று நாள் அந்தக் கதவு சாப்பாட்டுத் தட்டுக்கு மட்டும் திறந்தது. உள்ளே அவர் நடப்பது அடுப்படிக்குக் கேட்கும். ஜன்னலிலிருந்து கதவுக்கு ஏழு தப்படி, திரும்ப ஏழு தப்படி. நானும் எங்கும் போகவில்லை. ஊருக்குள் போனால் அந்தப் பேனரைத் தாண்டித்தான் போக வேண்டும். வீட்டில் இருந்தால் இந்தக் காலடிச் சத்தம். காலையும் மாலையும் அவர் பஸ் நிலையத்துக்குப் போன் செய்து பாதை திறந்ததா என்று கேட்பதும் காதில் விழுந்தது. மழைமானியில் தண்ணீர் அளக்கப் போவது ஒன்றுதான் எனக்கு வெளியே இருந்த வேலை.

சனிக்கிழமை தலைமையாசிரியைக்குப் போன் செய்து, அவர் வரமாட்டார், பேனரைக் கழற்றிவிடுங்கள் என்றேன்.

“இப்பப் போய் இப்படிச் சொன்னா எப்படி சார்? பேரன்ட்ஸ் எல்லாருக்கும் மெசேஜ் போயிருச்சு. உங்க கெஸ்ட்டுக்காகத்தான் ப்ரோக்ராமே. நீங்க ஒரு தடவ பேசிப் பாருங்களேன்.”

“கேட்டுப் பார்க்கிறேன்” என்று வைத்துவிட்டேன். கேட்கவில்லை.

ஞாயிற்றுக்கிழமை தலைமையாசிரியையே குடையும் கேக் பெட்டியுமாக வழுக்குப் படிகளில் இறங்கி வந்துவிட்டார். அரைமணி நேரம் காத்திருந்தார். பிறகு கதவு திறந்தது. அந்தப் பெண் சண்டை போடவில்லை. விழாவில் என்னென்ன நடக்கும் என்று கேட்டார்.

தலைமையாசிரியை உற்சாகமாகிவிட்டார். “ஃபர்ஸ்ட் சீன்ல அடிமைகளைச் சங்கிலி போட்டுக் கூட்டிட்டு வர்றாங்க. இருபது பசங்க. மூஞ்சியில மை பூசி, ரொம்பத் தத்ரூபமா. அப்புறம் ஏலம். அப்புறம் சார் உரை.”

“மை எதுக்குங்க?”

“கறுப்பாத் தெரியணும்ல.”

அந்தப் பெண் என் மனைவியைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், ஜன்னல் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டிருந்த வேலைக்காரப் பெண்ணைப் பார்த்தார். எங்களில் யாரும் சிவப்பு இல்லை. தலைமையாசிரியை கேக் பெட்டியின் கயிற்றைத் திருகிக்கொண்டிருந்தார்.

“நீங்க எழுதுனதைப் படிங்க அங்கிள்” என்றார் அந்தப் பெண்.

படித்தேன். நான்கு பக்கமும் நின்றுகொண்டே படித்தேன். முடித்ததும் அவர் சொன்னார்:

“தேதி எல்லாம் சரிங்க. ஆனா நாலு பக்கத்துல ஒரு ஆளு கூடச் சாப்பிடவே இல்லையே அங்கிள். ஒருத்தரும் விதைக்கல. யாருக்கும் கல்யாணம் ஆகல. கொண்டாட்டம்னு போட்டிருக்கீங்க, யாரைக் கொண்டாடுறீங்க?”

பிறகு தலைமையாசிரியையிடம், “மை பூசாதீங்க. நான் வரல” என்றார். கதவு மறுபடி சாத்திக்கொண்டது.

அன்று மாலை முழுவதும் அலமாரியைக் குடைந்தேன். அந்த மக்கள் என்ன பயிரிட்டார்கள், எதைச் சமைத்தார்கள், எதற்குச் சிரித்தார்கள் என்று ஒரு பக்கமாவது எழுத வேண்டும் என்று நினைத்தேன். என்னிடம் இருந்த புத்தகங்களில் கிடைத்தது கப்பலில் ஏற்றிய அரிசியும் கிழங்கும் எத்தனை மூட்டை என்ற பட்டியல்தான். கேட்டால் சொல்லக்கூடியவர் ஏழு தப்படி தள்ளி இருந்தார். அந்தக் கதவைத் தட்டும் யோக்கியதையை நானே கெடுத்து வைத்திருந்தேன்.

திங்கட்கிழமை விழா நடந்தது. மை பூசவில்லை. காகிதச் சங்கிலிகள் மட்டும் இருந்தன. அவற்றையும் மழை ஈரம் நனைத்து, நடக்கும்போதே சில அறுந்து விழுந்தன. மேடைக்குப் பின்னால் இன்னொரு பேனர், அதே முகம். சிறப்பு விருந்தினர் உடல்நலக் குறைவால் வர இயலவில்லை என்று தலைமையாசிரியை ஒலிபெருக்கியில் சொன்னார். நான் பக்கத்து நாற்காலியில் இருந்தேன். மறுக்கவில்லை. முறை வந்தபோது எழுந்து அதே நான்கு பக்கத்தைப் படித்தேன். 1834க்கு வந்தபோது முன்வரிசையில் ஒரு சிறுமி பக்கத்தில் இருந்தவளிடம், “அந்தக்கா நிஜமாவே இருக்காங்களா, சும்மா போட்டோவா?” என்று கேட்டது தெளிவாகக் கேட்டது.

அன்று சாயங்காலம் பாதை திறந்தது. மறுநாள் முதல் பஸ்ஸில் கிளம்புவதாக அந்தப் பெண் என் மனைவியிடம் சொல்லிவிட்டு, கதவருகே நின்ற என்னிடம் ஒன்றே ஒன்று கேட்டார்.

“பஸ் மூஞ்சிக்கல் வழியாத்தானுங்க போகும்?”

ஆமாம் என்றேன். கைபேசியை எடுத்து அவர் முன்னால் படத்தை அழித்தேன். அவர் தலையசைத்தார், மளிகைக்கடையில் மீதிச் சில்லறையை வாங்கிக்கொள்வது போல.

செவ்வாய்க்கிழமை வெள்ளனே ஜீப் டிரைவரை எழுப்பினேன். “வெரசா வாப்பா” என்றதும் ஏன் என்று கேட்காமல் வண்டியை எடுத்தான். பள்ளிப் பேனரை வாட்ச்மேனே கழற்றித் தந்தார். மூஞ்சிக்கல்லில் பிளாஸ்டிக் கயிறு நனைந்து இறுகிப் போயிருந்தது. டிரைவர் மரச்சட்டத்தில் ஏறி அரிவாளால் அறுத்தான். கீழே நின்று நான் தாங்கினேன். டீக்கடையிலிருந்து ஒருவர், “விழா முடிஞ்சிருச்சாண்ணே? அந்த ஷீட் வேணாம்னா குடுங்க, கோழிக்கூட்டுக்குப் போடலாம்” என்றார். வேண்டும் என்றேன்.

முகம் உள்பக்கமாக இருக்கும்படி சுருட்டி முடிக்கும்போது பஸ் வந்துவிட்டது, ஏழு முப்பத்தைந்து. இடது பக்க ஜன்னலில் அவர் தலைத்துணி கட்டி உட்கார்ந்திருந்தார். வெறும் சட்டத்தைப் பார்த்தார். என் கையிலிருந்த சுருளைப் பார்த்தார். கையசைக்கவில்லை. நானும் அசைக்கவில்லை.

வீட்டுக்கு வந்து பதிவேட்டில் அவர் கிளம்பிய நேரத்தை எழுதினேன். மனைவி காப்பி கொண்டுவந்தாள்.

“அவங்க ஊர்ல மக்காச்சோள மாவைப் புளிக்கவச்சு உருண்டை பிடிச்சு, சோளத் தோகையில சுத்தி அவிப்பாங்களாம். காலையில கட்டுச்சோறு கட்டுறப்ப சொல்லுச்சு. அவங்கம்மா சந்தையில அதத்தான் விக்கிறாங்களாம். சாமத்துலயே வரிசை நிக்குமாம்.” அவள் சொல்லிக்கொண்டே போனாள். பேனா என் கையில்தான் இருந்தது. நான் எழுதவில்லை. அது எனக்குச் சொன்னதல்ல.

பேனர்கள் இரண்டும் இன்னும் எங்களிடம்தான் இருக்கின்றன. இந்த மலையில் யாரும் ஃபிளெக்ஸைத் தூக்கி எறிவதில்லை. பூண்டுக் குவியலையும் விறகையும் தலைவர்களின் முகங்கள்தான் மூடியிருக்கின்றன. விறகின் மேல் போட்டால் காற்று ஒரு நாள் புரட்டிவிடும். உயிரோடிருக்கும் ஆளின் முகத்தை எரிக்க மனைவி விடமாட்டாள். வெட்டலாம் என்று ஒருமுறை கத்தரிக்கோலோடு விரித்து உட்கார்ந்தேன். எந்த இடத்தில் தொடங்குவது என்று தெரியாமல் திரும்பச் சுருட்டினேன். இரண்டும் மூன்றாம் எண் அறையின் பரணில் கிடக்கின்றன.

இந்த அக்டோபரில் தலைமையாசிரியை மறுபடியும் போன் செய்தார்.

“சார், அந்த ஃபிளெக்ஸ் உங்ககிட்டதான இருக்கு? வருஷத்தை மட்டும் மாத்தி ஒட்டிக்கலாம்.”

கைபேசியைக் காதில் வைத்தபடியே மூன்றாம் எண் அறைக்குப் போய்ப் பரணிலிருந்த சுருள்களைப் பார்த்தேன்.

“தேடிப் பார்க்கிறேன் டீச்சர்” என்றேன்.