கிரிவலப் பாதையில் ஒரு பி.டி. டீச்சர்

பி.டி. டீச்சர் வேலையில் கால் வலியைவிடப் பயம்தான் ஜாஸ்தி. அடுத்தவர் பெற்ற பிள்ளைகளை வெளியே கூட்டிப்போய், போன மாதிரியே கொண்டுவந்து ஒப்படைக்கிற வேலையில் நீங்களும் இருந்தால், இதை விளக்கவே வேண்டாம். வேங்கிக்கால் பக்கம் ஒரு பள்ளியில் பெண்பிள்ளைகளுக்குக் கபடியும் ஓட்டமும் சொல்லித் தருகிறேன். மைதானம் சின்னது என்பதால் ஓட்டப் பயிற்சிக்கு, மலையைச் சுற்றிப் பதினாலு கிலோமீட்டர் போகும் கிரிவலப் பாதைதான். விடிந்ததும் அங்கே வெறுங்காலோடு மலை சுற்றுகிறவர்கள், போலீஸ் வேலைக்கு ஓடிப் பழகுகிறவர்கள், எங்கள் பிள்ளைகள் என்று எல்லாருக்கும் ஒரே ரோடு.

ரேவதியைக் காணோம்

மூன்று கிலோமீட்டர் போய் அப்படியே திரும்பி வர வேண்டும், அவ்வளவுதான் பயிற்சி. எல்லாரும் வந்துவிட்டார்கள். எட்டாம் வகுப்பு ரேவதியை மட்டும் காணோம். ஸ்கூட்டரை எடுத்துக்கொண்டு மூன்றாவது கிலோமீட்டர் வரை போனேன். டீக்கடை, கோயில் வாசல், மர நிழல் எதையும் விடாமல் பார்த்தேன். இல்லை. அவள் அப்பாவுக்குப் போன் செய்தேன். அவர் ஆட்டோ ஓட்டுகிறவர். சவாரியை இறக்கிவிட்டு வந்துவிட்டார். என்னை ஒரு வார்த்தை திட்டவில்லை. திட்டியிருந்தால் தேவலை என்றிருந்தது.

போலீஸ் ஸ்டேஷனுக்குக் கிளம்பி ஆட்டோவில் ஏறும்போது, நாங்கள் தேடிய திசைக்கு நேர் எதிரே இருந்து ரேவதி ஓடி வந்தாள். முகம் மிளகாய்ப் பழம் மாதிரி சிவந்திருந்தது. மூச்சு வாங்கி முடித்துச் சொன்னாள்: "பாதியில திரும்பி ஓடுனா ஆகாதுன்னு ஒரு அம்மா சொன்னாங்க மிஸ், அதான் மலைய முழுசா சுத்திட்டு வந்துட்டேன்."

பதிமூன்றாவது தலை

வெளியூர்ப் போட்டி முடிந்து திரும்பிய நாள் பௌர்ணமியாகப் போய்விட்டது. பஸ்ஸை ஊருக்கு வெளியிலேயே நிறுத்திவிட்டார்கள். சாயங்காலக் கிரிவலக் கூட்டத்தில் பன்னிரண்டு பிள்ளைகளோடு நடக்க வேண்டும். கயிறு இழுக்கும் போட்டிக்குக் கொண்டுபோன வடத்தை அவிழ்த்து, ஆளுக்கொரு கை பிடிக்கச் சொன்னேன். நான் முன்னால் நடந்தேன். தெரு முனைக்குத் தெரு முனை திரும்பி எண்ணினேன். பன்னிரண்டு, பன்னிரண்டு.

தேரடித் தெருவில் எண்ணினால் பதிமூன்று. மறுபடி எண்ணினேன், பதிமூன்றேதான். ஒன்று குறைந்தால் வரும் பயம் எனக்குப் பழகியது; கூடினால் என்ன செய்வதென்று தெரியவில்லை. பின்னால் ஓடிப்போய் ஒவ்வொரு முகமாகப் பார்த்தேன். நடுவில் ஒரு நடுத்தர வயது அம்மா, ஒரு கையில் தண்ணீர் பாட்டில், இன்னொரு கையில் எங்கள் வடம். நான் முறைத்ததும் பயந்துபோய்க் கேட்டார்: "தரிசனத்துக்குப் போற வரிசை இது இல்லீங்களா?"

தேவியின் அம்மா

தேவி எங்கள் டீமில் நம்பர் ஒன் ரைடர், எதிராளி கோட்டுக்குள் பாடிப் போகிறவள். கீழ்பென்னாத்தூர்ப் பக்கம் கிராமம். வீட்டில் ஸ்பெஷல் கிளாஸ் என்று சொல்லிவிட்டுத்தான் கபடி ஆடுகிறாள் என்பது எனக்கே பிறகுதான் தெரிந்தது. ஒருநாள் பயிற்சி நேரத்தில் அவள் அம்மா வந்து நின்றார். வேர்க்கடலை பிடுங்கிய கை, நகமெல்லாம் செம்மண். பிள்ளையை இழுத்துப்போகத்தான் வந்திருக்கிறார் என்று நினைத்து, ஸ்போர்ட்ஸ் கோட்டா, காலேஜ் சீட் என்றெல்லாம் மனசுக்குள் பேச்சைத் தயார் செய்துகொண்டேன். அவர் வேலி ஓரமாகவே ஒரு மணி நேரம் ஆட்டத்தைப் பார்த்தபடி நின்றார். பிறகு என்னிடம் வந்து மெதுவாகச் சொன்னார்: "எந்தப் பக்கம் பாயப் போறாளோ அந்தப் பக்கத்த முன்னாடியே பாத்துடறா டீச்சர், நான் ஆடறப்ப அப்டிப் பாக்க மாட்டேன்."

அரை கிலோ

இதைச் சொல்ல இன்னமும் கூச்சமாக இருக்கிறது. மாவட்டப் போட்டிக்கு முந்தின நாள் எடை பார்த்தபோது, எங்கள் டீமின் யாழினி, அவள் பிரிவுக்கு உண்டான எடை வரம்பைவிட அரை கிலோ கூட இருந்தாள். "அரை கிலோ ஜாஸ்தி, பாத்துக்கோ" என்று போகிறபோக்கில் சொல்லிவிட்டு அடுத்தவளைக் கூப்பிட்டேன்.

மறுநாள் எடை வரிசையில் நின்றவள் அப்படியே சரிந்தாள். முந்தின நாள் மத்தியானத்திலிருந்து சோறும் இல்லை, தண்ணீரும் இல்லையாம். ஆஸ்பத்திரியில் குளுக்கோஸ் ஏற்றினார்கள். அவள் அம்மாவுக்குப் போன் செய்து, நான் சொன்ன வார்த்தையால்தான் என்று உள்ளதைச் சொன்னேன். வருகிறேன் என்று மட்டும் சொன்னார்.

அன்று நாங்கள் அவள் இல்லாமல் ஆடித் தோற்றோம். அதன்பிறகு எடை மெஷின் பக்கத்தில் நான் வாயைத் திறப்பதில்லை. ஆனால் அன்று கண் விழித்த யாழினி தோல்வியைப் பற்றிக் கேட்கவில்லை. தலைமாட்டில் தொங்கிய பாட்டிலையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டுக் கேட்டாள்: "இதுல ஏத்தற தண்ணியும் எடையில சேருமா மிஸ்?"

கபடியில் உள்ளே பாடிப் போகிறவள்தான் மூச்சைப் பிடிக்க வேண்டும் என்கிறது விதிப் புத்தகம். கோட்டுக்கு வெளியே நிற்கிற டீச்சரைப் பற்றி அதில் ஒரு வரிகூட இல்லை.